மாலை போடாமல் 28 நாள்: சிகரெட்டை விட நினைப்பவருக்குக் கூட நிற்பது எப்படி

முதலில் என் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு தொண்டூழியராக இங்கே சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கும் ஒரு தங்குவிடுதிக்குப் போனபோது, கெட்டுப்போன நுரையீரல் படம் போட்ட பெரிய அட்டை ஒன்றைக் கையில் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்த ஒரு தம்பி சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார். "அண்ணே, இதே மாதிரி படம் இதுலயும் இருக்கு. உங்களுது கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அட்டையைச் சுருட்டி பையில் வைத்தேன். அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை.

அவர் சொன்னது சரிதான். சிங்கப்பூரில் 2004லிருந்தே பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. 2017லிருந்து கடையில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி அடுக்கி வைக்க முடியாது, 2020 ஜூலையிலிருந்து எல்லா நிறுவனத்தின் பாக்கெட்டும் ஒரே மங்கிய நிறம், 2021லிருந்து 21 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. இத்தனையும் தாண்டி இன்னும் புகைப்பவர் யார் என்று பாருங்கள். தினமும் புகைப்பவர்கள் இங்கே பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் லாரியில் வேலைக்குப் போகிறவர்கள், இரவுப் பணிக்காவலர்கள், துப்புரவு வேலை செய்யும் மாமாக்கள், ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் என்று பார்த்தால் உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே நாலைந்து பேர் தேறுவார்கள். கெடுதல் தெரியாதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. புத்தி சொல்ல ஆள் நிறைய இருக்கிறது, கூட நிற்கத்தான் ஆள் இல்லை.

இது அப்படிக் கூட நிற்க நினைப்பவர்களுக்காக எழுதியது. நீங்கள் சூப்பர்வைசராக இருக்கலாம், ஒரே அறையில் படுப்பவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். மருத்துவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மாலை போட்டால் மட்டும் எப்படி முடிகிறது?

"எப்பவாவது விட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். நான் பேசியவர்களில் நிறையப் பேர் சொன்ன பதில்: "மாலை போட்ட வருஷம் 48 நாள் தொடவே இல்லண்ணே." நாகூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், நோன்பு மாதத்தில் பகல் முழுக்க நினைப்பே வராது, நோன்பு திறந்ததும் முதலில் கை அதைத்தான் தேடும் என்றார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்களிடம் கேட்டாலும் இதே கதைதான். அப்படியென்றால் மனவுறுதி இல்லை என்று யாரைச் சொல்வது?

மாலை போட்டவருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "ஒண்ணே ஒண்ணு அடி மச்சான்" என்று யாரும் கூப்பிடுவதில்லை. அவர் முன்னால் பற்றவைக்க மற்றவர்களே கூச்சப்படுகிறார்கள். சாமி என்று அழைக்கிறார்கள். விடியற்காலையில் குளிப்பது, சாயங்காலம் பூஜை, பஜனை என்று நேரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆரம்பிக்கும் நாள் ஊருக்கே தெரியும், முடியும் நாளும் தெரியும். மாலையைக் கழற்றிய அன்று இது எல்லாமே ஒரே நேரத்தில் போய்விடுகிறது, திரும்பும் வழியில் டீக்கடையிலேயே பாக்கெட் வந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டை மாலை இல்லாமலே ஒருவருக்குச் செய்து கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும், ஆனால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டமும் 28 நாளைத்தான் முதல் இலக்காக வைக்கிறது. 28 நாள் தொடாமல் இருந்துவிட்டால் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடும் என்று வாரியம் சொல்கிறது. ஒரு மண்டலத்தைவிடக் குறைவுதானே.

முதல் பேச்சு

இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் சொல்லிக் கொடுக்கும் ஒரு முறை எனக்குப் பிடித்திருக்கிறது. புகைக்கிறாரா என்று கேட்பது, மருந்தும் கூட ஒருவர் துணையும் சேர்ந்தால்தான் விடுவது சுலபம் என்று ஒரே வரியில் சொல்வது, சரி என்றால் அப்போதே உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடுவது. மொத்தமே 30 விநாடி. ஏன் விடவேண்டும் என்ற பிரசங்கமே அதில் கிடையாது.

நம் ஆட்களிடம் இதை எப்போது பேசுவது? ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தேக்காவில் நாலு பேரோடு நிற்கும்போது வேண்டாம், பியர் உள்ளே போனபிறகு நிச்சயமாக வேண்டாம். அப்போது எல்லோரும் "நாளைலேர்ந்து விட்டுர்றேன்" என்பார்கள், மறுநாள் உங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள். வேலை முடிந்து லாரியில் திரும்பும்போது, சமையலறையில் வரிசையில் நிற்கும்போது, தனியாக, குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை. "விடணும்னு எப்பவாவது தோணினா சொல்லுங்க தம்பி, நான் கூட வர்றேன்." அவ்வளவுதான். அன்றைக்கே பதில் வராது. எனக்கு ஒருவரிடமிருந்து நாலு மாதம் கழித்து வந்தது, அதுவும் இரவு 11 மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜாக.

மூன்று விஷயங்களைத் தொடாதீர்கள். சிகரெட் எங்கே வாங்குகிறார் என்று கேட்காதீர்கள். கள்ளச் சிகரெட்டாக இருந்தால் அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். (அதன் ஆபத்தை அவர் அறியாமல் இருந்தால் பொதுவாகச் சொல்லி வைக்கலாம்: ஏய்த்த வரியைப் போல 40 மடங்கு வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை.) ஊரில் இருக்கும் மனைவியிடமோ அம்மாவிடமோ சொல்லிவிடுவேன் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். முதலாளி காதுக்கும் போகக்கூடாது. நம்பிக்கை ஒருமுறை போனால் போனதுதான்.

சிகரெட் இல்லை, அது ஓய்வு

இதை நான் புரிந்துகொள்ளவே ரொம்ப நாள் ஆனது. கட்டுமானத் தளத்தில் சும்மா உட்கார்ந்தால் "என்ன உக்காந்திருக்கே" என்று கேட்பார்கள். புகைக்குமிடத்தில் உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை. புகைக்காதவருக்குக் கிடைக்காத ஐந்து நிமிடம் புகைப்பவருக்குக் கிடைக்கிறது. ஒரு தம்பி வெளிப்படையாகவே சொன்னார், சிங்கப்பூருக்கு வரும்வரை தான் தொட்டதில்லை, உட்காருவதற்காகத்தான் பழகினேன் என்று. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர், பகல் முழுக்க வெயில், இரவு அறை நிறைய ஆட்கள். அவருக்கென்று தனியாக இருக்கும் நேரம் என்றால் அந்த ஐந்து நிமிடம்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அதனால் முதல் வேலை, அந்த ஓய்வைக் காப்பாற்றிக் கொடுப்பது. நீங்கள் சூப்பர்வைசராக இருந்தால் இது உங்கள் கையில் இருக்கிறது: புகைக்காதவரும் அதே நேரத்துக்கு வேறு ஒரு நிழலில் போய் உட்காரலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். கூட வேலை பார்ப்பவர் என்றால் முதல் இரண்டு வாரம் அந்த நேரத்தில் அவரோடு நீங்களும் வேறு பக்கம் போங்கள், ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரோடு. என்ன பேசுவது என்று கவலைப்படாதீர்கள். ஊரில் மழை பெய்ததா, வீடு கட்டுவது எதுவரை வந்திருக்கிறது, இது போதும்.

இரண்டே கேள்வி

எவ்வளவு தூரம் பிடிபட்டிருக்கிறார் என்பதை அறிய நீளமான படிவம் எதுவும் தேவையில்லை. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஒரு நாளைக்கு எத்தனை? எழுந்து அரை மணிக்குள் பற்றவைக்கிறவர் என்றால் வெறும் வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்குவது அநியாயம், அவருக்கு மருந்து வேண்டும். நிகோட்டின் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது, அதனால்தான் தூங்கி எழுந்ததும் உடம்பு கேட்கிறது. இதை அவரிடமும் சொல்லுங்கள். "நான் கோழை இல்ல, இது உடம்பு கேக்குறது" என்று தெரிந்தாலே பலருக்கு முகம் மாறும்.

மருந்துகளைப் பற்றி

தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் ஒட்டு (பேட்ச்), நிகோட்டின் சூயிங்கம், வாயில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. இவற்றைப் பற்றி முதலில் வரும் கேள்வி: "அதுவும் நிகோட்டின்தானே, ஒரு பழக்கத்தை விட்டு இன்னொரு பழக்கமா?" நியாயமான கேள்வி. அடிமைப்படுத்துவது நிகோட்டின்தான், ஆனால் புற்றுநோயையும் நெஞ்சடைப்பையும் பெரும்பாலும் கொண்டுவருவது புகையில் இருக்கும் தார், கார்பன் மோனாக்சைடு போன்ற நஞ்சுகள். ஒட்டில் புகை இல்லை. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், 8 முதல் 12 வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

நாளைக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர் பொதுவாக 21 மில்லிகிராம் ஒட்டில் ஆரம்பித்து 14, 7 என்று இறங்குவார், பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14லேயே ஆரம்பிக்கலாம். சூயிங்கம் என்றால், எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. ஒட்டும் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது: ஒட்டு நாள் முழுக்கத் தாங்கும், திடீரென்று கிளம்பும் ஆசைக்குச் சூயிங்கம். இதய நோய் இருப்பவர், கர்ப்பிணிகள், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டபிறகுதான்.

வெயிலில் வேலை செய்கிறவருக்கு ஒட்டு ஒட்டாது, வியர்வையில் கழன்றுவிடும் என்பதை எந்தப் பிரசுரமும் சொல்வதில்லை. குளித்து, நன்றாகத் துடைத்து, முடியில்லாத இடமாகப் பார்த்து மேல்கையிலோ முதுகின் மேல்பக்கமோ வைத்து உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்த வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. ஓரங்களில் மருத்துவ டேப் போட்டால் இன்னும் பிடிக்கும். தினமும் இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அரிக்கும். இரவு வேலைக்காரர் எழுந்திருக்கும் நேரம் எதுவோ அதுதான் அவருடைய காலை, அப்போது ஒட்டினால் சரி. தூக்கத்தில் விசித்திரமான கனவு வந்தால் படுக்கும்முன் எடுத்துவிடலாம்.

சூயிங்கத்தைச் சாதாரணச் சூயிங்கம் போலச் சவைத்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும், "இது சரிப்படல" என்று தூக்கிப் போட்டுவிடுவார். மெதுவாகச் சவைத்து, மிளகு போல உறைக்க ஆரம்பித்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், உறைப்பு போனதும் மறுபடி நாலு கடி, மறுபடி ஒதுக்கல், இப்படி அரை மணி. வெற்றிலை போட்டுப் பழகியவருக்கு விளக்கவே வேண்டாம், உடனே புரியும். கோப்பியோ குளிர்பானமோ குடித்தால் 15 நிமிடம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் நிகோட்டின் சரியாக இறங்காது.

"சிங்கப்பூர்ல சூயிங்கம் தடையாச்சே, போலீஸ் பிடிக்குமா?" இதைக் கேட்காதவர் இல்லை. 1992ல் வந்த தடை உண்மைதான். ஆனால் 2004லிருந்து மருத்துவக் காரணத்துக்கான சூயிங்கத்துக்கு அனுமதி உண்டு. பேரங்காடியில் அலமாரியிலிருந்து எடுக்க முடியாது, மருந்தாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி கடைகளில் மருந்தாளர் இருக்கும் கிளையாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் கூடப் போவது முக்கியம். தனியாகப் போனவர் கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பி வந்த கதை எனக்குத் தெரியும். மொழிதான் காரணம், வேறொன்றும் இல்லை.

யாரிடம் போவது

குவிட்லைன் எண் 1800 438 2000. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் இலவச ஆலோசனைச் சேவை அது. எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தொலைபேசியிலிருந்தே அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று முதல் வரியிலேயே கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் எழுந்து வெளியே போய்விடுங்கள், அவர் தன் கதையைத் தானே சொல்லட்டும்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) புகைப்பழக்கத்தை விடுவதற்கான ஆலோசனை உண்டு. சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு ஏற்கனவே அங்கே போகும் மாமாக்கள் அதே நாளில் இதையும் கேட்டுவிடலாம், தனியாக ஒரு நாள் அலைய வேண்டாம். தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து ஆரம்பப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஊழியர் தன் கையிலிருந்து கட்டுவது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தொலைமருத்துவம் என்றால் 2 வெள்ளி. காய்ச்சலுக்கு மட்டும்தான் போகலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருமலோடு போகும் நாளே இந்தப் பேச்சை எடுக்க நல்ல நாள். 2006லிருந்து இயங்கும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளின் மருந்தகங்களையும் மறந்துவிடாதீர்கள், மனபாரத்தை இறக்கிவைக்கவும் அங்கே ஆள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு இருக்கும் இந்தியர்களுக்குச் சிண்டா என்ற சமூக உதவி அமைப்பும், பண நெருக்கடி என்றால் 1800 222 0000 என்ற காம்கேர் (அரசாங்க நிதி உதவி) எண்ணும் உண்டு. வாடகை பாக்கி நெஞ்சை அழுத்தும்போது சிகரெட்டை விடச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும், முதலில் பாக்கிக்கு வழி பார்த்துவிட்டு இதற்கு வரலாம்.

நாள் குறிப்பது

சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு வேண்டாம். திங்கள் அல்லது செவ்வாய் நல்லது, நண்பர்கள் கூட்டம் வருவதற்குள் நாலைந்து நாள் கிடைக்கும். அறைக்குள் சொல்லி வைக்க வேண்டும், ஆனால் அவரே சொல்லட்டும். மாலை போட்டவருக்கு அடையாளம் கழுத்தில் இருக்கிறது, இவருக்கு ஒன்றுமில்லை. ஒரு குழு தங்கள் ஆளுக்கு மணிக்கட்டில் சாதாரணக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள், 28 நாள் அதைப் பார்த்த யாரும் சிகரெட் நீட்டக்கூடாது என்று பேச்சு. வேடிக்கையாக ஆரம்பித்தது, நன்றாகவே வேலை செய்தது.

முதல் மூன்று நாள்தான் மோசம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் சண்டை. ஆசை கிளம்பினால் ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும், அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்தத்தான் உதவி வேண்டும். தினமும் காலையும் இரவும் 20 விநாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். எழுதி அனுப்பாதீர்கள், களைத்துப் போனவர் படிக்க மாட்டார், குரல் கேட்டால் பதில் வரும். "அடிச்சியா?" என்று கேட்கவே கூடாது. "இன்னைக்கு எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள், அடுத்த நாள் அந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் கூப்பிடுங்கள்.

கோப்பி விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டியது. புகையில் இருக்கும் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும், அதே இரண்டு கோப்பி நாலு கோப்பி அளவுக்கு ஏறும். படபடப்பு, தூக்கமில்லை, கை நடுக்கம். இதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு. முதல் வாரத்திலிருந்தே கோப்பி, தே, சக்தி பானம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கை. மனநலத்துக்கு குளோசபின், ஒலான்சபின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர் சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடிவிடும். விடவேண்டாம் என்று அர்த்தமில்லை, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விடவேண்டும், அளவை அவர் மாற்றிக் கொடுப்பார்.

காசுக் கணக்கு

2023 பிப்ரவரியில் சிகரெட் வரியை 15 சதவீதம் ஏற்றினார்கள், ஒரு சிகரெட்டுக்கு வரி மட்டுமே 49.1 காசானது. இருபதுக்குக் குறைந்த பாக்கெட்டும் விற்கக்கூடாது. விலை ஏறினால் பணக்காரர் முகம் சுளிப்பார், இல்லாதவர் சாப்பாட்டில் கை வைப்பார். ஒரு பாக்கெட் 15 வெள்ளி என்று வையுங்கள், நாளுக்குப் பத்து சிகரெட் என்றால் மாதம் 225 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று போட்டாலே 14,625 ரூபாய். 800 வெள்ளி சம்பளக்காரரிடம் இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டினால் அது குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். தொலைபேசியை அவர் கையில் கொடுத்து அவரையே போடச் சொல்லுங்கள்.

மிச்சம் பிடித்த காசு பையில் இருந்தால் யாராவது கடன் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை அந்தத் தொகையை மட்டும் தனியாக ஊருக்கு அனுப்பி அஞ்சலகத்தில் மாதாந்திரச் சேமிப்பாகப் போடச் சொல்லுங்கள். மகள் பேரில் போட்ட ஒருவர் பாஸ்புக் படத்தைத் தொலைபேசி முகப்பில் வைத்திருக்கிறார், நுரையீரல் படத்துக்குப் பதிலாக.

வேப், ஹான்ஸ்

இங்கிலாந்தில் சிகரெட்டை விடுவதற்கு அரசாங்கமே வேப் என்ற மின்சிகரெட்டைக் கொடுத்து உதவுகிறது, இணையத்தில் அதைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்பார்கள். இங்கே அந்த வழி கிடையாது. 2018 பிப்ரவரியிலிருந்து மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1லிருந்து தண்டனை இன்னும் கடுமை, 'கேபாட்' என்ற வேப்பில் கலக்கும் எட்டோமிடேட் மயக்க மருந்தும் அன்று போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டு ஊழியருக்கு வேலை அனுமதியே பறிபோகலாம். வாயில் அடக்கும் ஹான்ஸ், குட்கா வகையறாவும் இங்கே சட்டவிரோதம், வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழியும்கூட. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னவரின் உதடு உப்பியிருந்தால் திட்டாதீர்கள், மருந்துப் பேச்சை மறுபடி ஆரம்பியுங்கள்.

"இனிமே விட்டு என்ன ஆகப்போவுது"

புளோக்கின் கீழே புகைக்க ஒதுக்கிய மஞ்சள் கட்டத்துக்குள் நிற்கும் 65 வயது மாமாக்கள் சொல்வது இது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2004ல் வெளியான ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்கே சுமார் மூன்று ஆண்டு ஆயுள் மிச்சமானது. ஆனால் மூன்று ஆண்டு கூட வாழ்வது எல்லோருக்கும் ஆசை காட்டும் விஷயம் இல்லை, தனியாக இருப்பவர் "அதை வெச்சு என்ன பண்ண?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அவரிடம் வேலை செய்தது வேறு: லிஃப்ட் பழுதான நாளில் மாடி ஏறும்போது மூச்சு வாங்காதது, சாம்பாரின் மணம் திரும்பி வந்தது, காப்பிக்கடையில் 200 வெள்ளி அபராத பயம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் சொன்னதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வழுக்கினால்

வழுக்குவார்கள். நானே நாலாவது தடவையில்தான் விட்டேன், மூன்றாவது தடவை ஒரு சாவு வீட்டில் போனது. ஒன்று அடித்துவிட்டேன் என்று தம்பி சொன்னால், சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். ஒட்டை எடுக்க வேண்டாம், ஒரு சிகரெட்டுக்காக ஒட்டைக் கழற்றத் தேவையில்லை, தொடரலாம். எந்த இடம், யாரோடு, என்ன நேரம் என்று மட்டும் கேட்டு வையுங்கள். 28 நாள் முடிந்ததும் அவரைக் கைவிட்டுவிடாதீர்கள், மாலையைக் கழற்றிய நாளில் நடப்பதுதான் அன்றும் நடக்கும். அந்த வாரம் அழைப்பைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். மருந்தும் அப்போதே நிற்கக்கூடாது.

பெரிய கண்டம் ஊருக்கு விடுமுறையில் போகும்போது வரும். பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் கிடைக்கும், வரவேற்க வரும் நண்பர்கள் எல்லோர் கையிலும் இருக்கும், "சிங்கப்பூர்ப் பாக்கெட் எங்கடா?" என்று கேட்பார்கள். சாங்கியில் வரியில்லாக் கடையைத் தாண்டும்போதே கை அரிக்கும். அதனால் பெட்டி கட்டும் இரவே அவரோடு உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன என்று பட்டியல் போடுங்கள்: கோடாலித் தைலம் இத்தனை, சாக்லேட் இத்தனை, சிகரெட் யாருக்கும் இல்லை. சூயிங்கம் அட்டை இரண்டைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. திருச்சியில் இறங்கியதும் உங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். வராவிட்டால் நீங்கள் போடுங்கள்.